மழைக்குச் சதவீதம், வெயிலுக்கு டிகிரி

வானிலைச் செய்தியில் மழை என்றால் 'இயல்பைவிட இத்தனை சதவீதம் குறைவு' என்கிறார்கள். வெயில் என்றால் 'இயல்பைவிட இத்தனை டிகிரி அதிகம்'. வெயிலுக்கு ஏன் சதவீதம் இல்லை?

எல்லாம் பூஜ்யத்தைப் பொறுத்தது. மழைமானியில் 0 மி.மீ. என்றால் மழையே இல்லை. எனவே 40 மி.மீ. என்பது 20 மி.மீ.யைப் போல இரண்டு மடங்குதான். நாடு முழுவதற்குமான தென்மேற்குப் பருவமழையின் 1971–2020 சராசரி 87 செ.மீ. அதில் 96 முதல் 104 சதவீதம் வரை பெய்தால் 'இயல்பு'. இப்படி மடங்கும் சதவீதமும் சொல்ல முடிவது விகித அளவு.

செல்சியஸில் 0 டிகிரி என்றால் வெப்பமே இல்லை என்று பொருளா? இல்லை, தண்ணீர் உறையும் இடம், அவ்வளவுதான். புனேயில் ஜனவரி விடியற்காலை 10 டிகிரி, ஏப்ரல் மதியம் 40 என்று வையுங்கள். வித்தியாசம் 30 டிகிரி, அது சரி. 'நாலு மடங்கு சூடு' என்றால்? அதையே பாரன்ஹீட்டில் எழுதிப் பாருங்கள்: 50, 104. நாலு மடங்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது! வெயில் மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது. இது இடைவெளி அளவு: கழிக்கலாம், மடங்கு சொல்லக் கூடாது.

அளவுகளை நான்கு வகையாகப் பிரிக்கும் இந்தப் பாகுபாட்டை 1946-ல் எழுதிவைத்தவர் ஸ்டான்லி ஸ்மித் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர். மீதி இரண்டில் ஒன்று சுலபம். புனே வானிலை நிலையத்தின் எண் 43063, சென்னை மீனம்பாக்கத்துக்கு 43279. இவை வெறும் அடையாளம், பெயரளவு. கூட்டிக் கழிக்க எதுவுமில்லை.

நான் அதிகம் கவலைப்படுவது நான்காவதான வரிசை அளவைப் பற்றி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளில் எது கடுமை என்று தெரியும். எவ்வளவு கடுமை என்று தெரியாது. மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு இருக்கும் தூரமும் ஆரஞ்சிலிருந்து சிவப்புக்கு இருக்கும் தூரமும் ஒன்றுதான் என்று சொல்ல முடியாது. 1 முதல் 4 வரை எண் கொடுத்துச் சராசரி கேட்டால் கணினி மறுக்காது. புனே மாவட்டத்தின் மேற்கு மலைப்பகுதியில் சிவப்பு, கிழக்கே பாராமதிப் பக்கம் பச்சை என்றால் சராசரி 2.5. அந்த எண்ணை நம்பி மலையடிவாரத்தில் யாரை வெளியேற்றுவீர்கள்?