மணிக்கூலி

உழைப்புக்கு ஊதியம் அளிக்கும் முறைகள் பல. திங்கள்தோறும் சம்பளம் பெறுவோர் உளர். செய்து முடித்த பொருள்களை எண்ணிக் கூலி பெறுவோரும் உளர். உழைத்த நேரத்தை அளந்து அளிக்கப்பெறுவது மணிக்கூலி. ஒரு மணிக்கு இவ்வளவு எனக் குறித்த தொகையை உழைத்த மணிகளால் பெருக்கினால் கூலி கிடைத்துவிடும். கணக்கு எளியதே. ஆயினும், எந்த நேரம் உழைத்த நேரம் ஆகும் என்னும் வினா எளியதன்று. அமெரிக்க நாட்டு இறைச்சித் தொழிற்சாலைகளின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

சிக்காகோ நகரில் 1865ஆம் ஆண்டு மிகப் பெரிய கால்நடைச் சந்தை ஒன்று திறக்கப்பெற்றது. புகைவண்டிகளில் மாடுகளும் பன்றிகளும் அங்கு வந்து குவிந்தன. சந்தையைச் சூழ்ந்து இறைச்சித் தொழிற்சாலைகள் எழுந்தன. ஒரு மாட்டை வெட்டித் தோலுரித்துக் கூறுபோடும் வேலை முழுவதையும் முன்பு தேர்ந்த கசாப்புக்காரர் ஒருவரே செய்ய வல்லவராய் இருந்தார். தொழிற்சாலையிலோ அது முப்பதுக்கு மேற்பட்ட சிறு வேலைகளாகப் பிரிக்கப்பட்டது. ஜான் காமன்ஸ் என்னும் பொருளியல் அறிஞர் 1904ஆம் ஆண்டு இதனை ஆராய்ந்து எழுதினார். 230 பேர் கொண்ட ஒரு குழு மணிக்கு 105 மாடுகளை வெட்டி முடித்தது. அவர்களுள் மணிக்கு 50 சென்டு பெற்றவர் 11 பேரே; 20 சென்டுக்கும் குறைவாகப் பெற்றவர் 144 பேர். மிகக் குறைந்த கூலி 16 சென்டு. நூறு சென்டு கொண்டது ஒரு டாலர்.

முதுகெலும்பைக் கோடரியால் நேராகப் பிளப்பவரும், தோலின் மெல்லிய பகுதிகளைக் கீறல் விழாமல் உரிப்பவருமே உயர்ந்த கூலி பெற்றனர். தோலில் கீறல் விழுந்தால் அதன் விலை குறைந்துவிடும் அன்றோ? எஞ்சிய வேலைகளுட் பலவற்றை எவரும் விரைவிற் கற்றுக்கொள்ளலாம். ஆதலின், வேலை தேடி வாயிலில் நின்ற கூட்டமே உள்ளிருந்தோரின் கூலியை உயரவொட்டாமல் தடுத்தது.

குறைந்த கூலியினும் கொடியது காத்திருத்தல். தொழிலாளர் காலையிலேயே வந்துவிட வேண்டும். மாடுகள் வந்துசேர நண்பகல் ஆயினும் ஆகலாம். காத்திருந்த நேரத்திற்குக் கூலி இல்லை. 16 சென்டு பெறுபவர் பத்து மணி நேரம் உழைத்தால் 1 டாலர் 60 சென்டு பெறுவார். நான்கு மணி நேரமே வேலை கிடைப்பின் 64 சென்டுதான். அவருடைய பகற்பொழுதோ முழுவதும் கழிந்துவிடும்.

1904ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து தோல்வியுற்றனர். அவர்தம் துயரை அப்டன் சின்கிளேர் 'தி ஜங்கிள்' என்னும் நாவலில் எழுதினார். 1906ஆம் ஆண்டு அது நூலாக வெளிவந்ததும் நாடே கொதித்தது. ஆனால், தம் தட்டிலுள்ள இறைச்சி தூயதா என்பதே மக்களின் கவலையாயிற்று. அவ்வாண்டே இறைச்சிச் சோதனைச் சட்டம் பிறந்தது. கூலியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

முதல் உலகப்போரின்போது, 1918ஆம் ஆண்டு, நடுவராய் இருந்த சாமுவேல் ஆல்ஷூலர் எட்டு மணி வேலைநாளை வழங்கித் தீர்ப்பளித்தார். 1938ஆம் ஆண்டுச் சட்டம் மணிக்கு 25 சென்டு என்று குறைந்தபட்சக் கூலியை வரையறுத்தது. மிகுநேர உழைப்புக்கு ஒன்றரை மடங்கு கூலி அளிக்கவும் பணித்தது.

கூலிக்கு எல்லை வகுத்த பின்னரும் மணியைப் பற்றிய வழக்கு ஓயவில்லை. இறைச்சி அறுப்போர் வேலை நேரத்திற்கு வெளியே தம் கத்திகளைத் தீட்டி வந்தனர். கூரற்ற கத்தியால் வேலை நடவாது. ஆகவே, தீட்டுதலும் வேலையே என்று 1956ஆம் ஆண்டு அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்து, காப்புடை அணிந்தபின் வேலையிடத்திற்கு நடக்கும் நேரம் வழக்குக்கு வந்தது. சில நிமிடங்கள்தாமே என்று தோன்றலாம். நாளொன்றுக்கு 15 நிமிடம் என்றாலும் 250 நாள்களில் அது 62½ மணி ஆகும். அஃதாவது ஏறத்தாழ எட்டு வேலைநாள்கள். அந்நடைக்கும் கூலி உண்டு என்று 2005ஆம் ஆண்டு அதே நீதிமன்றம் கூறியது. ஆனால், முதற் காப்புடையைப் பெறுவதற்காக வரிசையில் நிற்கும் நேரத்தைக் கணக்கில் சேர்க்க அது மறுத்துவிட்டது.