பணம் பெருகினால் நாடு செழிக்குமா?

நோட்டை அச்சடித்துக் கொடுத்தால் வறுமை தீராதா என்று கேட்பவர்கள் உண்டு. மலாயா இதற்கு என்றோ பதில் கண்டுவிட்டது.

1942-இல் வந்த ஜப்பானியர் ஆட்சி வெளியிட்ட பத்து வெள்ளியில் வாழைமரப் படம் இருந்தது. ‘வாழைமர நோட்டு’ என்றே அதற்குப் பெயர். செலவு வந்தபோதெல்லாம் அச்சடித்தார்கள். பின்னாளில் வரிசை எண்கூட இல்லை. அரிசி வரத்தோ குறைந்தது. விலை தாறுமாறாக ஏறியது. 1945-இல் திரும்பிய பிரிட்டிஷார் அந்த நோட்டு செல்லாது என்றனர். சேமித்தவர் கையில் மிஞ்சியது வெறும் காகிதம்.

ஆகவே, பணத்தை நாட்டின் உற்பத்தியோடு ஒப்பிட்டே அளக்க வேண்டும். இன்றைய ஜப்பானில் வங்கி வைப்புத் தொகையையும் சேர்த்தால், பணம் ஓராண்டு உற்பத்தியைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆனாலும் பெரும்பகுதி சேமிப்பாக உறங்கியதால் பல்லாண்டுகள் விலை பெரிதாக ஏறவில்லை. பணம் எவ்வளவு என்பதோடு, அது கைமாறும் வேகத்தையும் பார்க்க வேண்டும்.