பயாப்ஸி நார்மல், ஆனால் கட்டி அங்கேயேதான் இருக்கிறது

அம்பத்தூரில் இருக்கும் என் மாமாவுக்கு நாலைந்து மாதமாக நெஞ்செரிச்சல். ஸ்கோப் பண்ணியதில் இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சின்ன மேடு தெரிந்தது. துணுக்கு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். நார்மல். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. டாக்டர் மட்டும் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொன்னார். "நார்மல்னு வந்தப்புறம் எதுக்கு மாப்ளே இன்னொரு டெஸ்ட்?" என்று மாமா என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்தது கோட் எழுதுவது மட்டும்தான். இருந்தாலும் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன்.

இரைப்பைச் சுவர் அடுக்கடுக்கானது. உள்ளே சளிச்சவ்வு, அதற்கடியில் தளர்வான திசு, பிறகு தசை, கடைசியில் வெளியுறை. வழக்கமான இரைப்பைப் புற்றுநோய் சளிச்சவ்வில் தொடங்குகிறது. சென்னை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் அதுவும் ஒன்று என்று அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டின் பதிவேடு பல ஆண்டுகளாகக் காட்டுகிறது. ஆனால் சில கட்டிகள் தசையில் பிறந்து, மேலே இருக்கும் சவ்வைத் தள்ளிக்கொண்டு நிற்கும். போர்வைக்கு அடியில் பந்து மாதிரி. ஸ்கோப் வழியாகப் போகும் இடுக்கி போர்வையைத்தான் கிள்ளுகிறது! நம்ம பாஷையில், டெஸ்ட் எல்லாம் பாஸ். பக் இருக்கிற ஃபங்ஷனை அது கூப்பிடவே இல்லை.

போர்வையிலேயே கோளாறு என்றால் அதற்கு நேரோ பேண்ட் இமேஜிங் என்ற முறை இருக்கிறது. வெள்ளை ஒளிக்குப் பதிலாக 415 நானோமீட்டர் நீலமும் 540 நானோமீட்டர் பச்சையும் மட்டும். ரத்தத்தின் ஹீமோகுளோபின் இந்த இரண்டையும் நன்றாக உறிஞ்சுவதால் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பளிச்சென்று தெரியும். உருப்பெருக்கிப் பார்க்கும்போது தெளிவான எல்லைக்கோடும், அதற்குள் ஒழுங்கில்லாத குழாய்களும் இருந்தால் புற்றுநோய் என்று பலமாகச் சந்தேகிக்கலாம். ஜப்பானின் கென்ஷி யாவோ ஒழுங்குபடுத்திய முறை இது. மாமாவுக்கு இது உதவாது. அவருடைய சவ்வு சுத்தமாக இருந்தது.

அடியில் இருப்பதற்கு ஒலிதான். வயிற்றின் மேலே வைத்து எடுக்கும் சாதாரண ஸ்கேனில் கொழுப்பும் காற்றும் குறுக்கே வரும். அதோடு, நுணுக்கமாகக் காட்டும் உயர் அதிர்வெண் ஒலி அதிக ஆழம் போகாது. அதனால் கருவியை ஸ்கோப்பின் முனையிலேயே வைத்துவிட்டார்கள். சுவர் வெள்ளையும் கருப்புமாக ஐந்து பட்டைகளாகத் தெரியும். மூன்றாவது பட்டையில் வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் கொழுப்புக்கட்டி, பயமில்லை. நாலாவது பட்டையான தசையில் கருப்பாக இருந்தால்தான் தலைவலி. சாதுவான லியோமயோமாவும் அப்படித்தான் இருக்கும், புற்றாக மாறக்கூடிய ஜிஸ்ட் என்ற கட்டியும் அப்படித்தான் இருக்கும். பெரிய அளவு, ஒழுங்கற்ற விளிம்பு, உள்ளே நீர்ப்பை எல்லாம் சந்தேகத்தைக் கூட்டும், அவ்வளவே. படம் முடிவு சொல்லாது. ஊசியை எங்கே குத்த வேண்டும் என்று காட்டும். அந்தத் துணுக்கில் சிடி117 என்ற புரதம் இருந்தால் ஜிஸ்ட் என்று ஏறக்குறைய உறுதி. லியோமயோமாவில் அது இருக்காது.

பெயர் தெரிவதில் காரியம் இருக்கிறது. ஜிஸ்டுக்கு வழக்கமான கீமோ சரியாக வேலை செய்யாது. பரவிய நிலையில் இமாடினிப் மாத்திரை கேட்கும். அமெரிக்காவில் 2002-ல் இதற்காக அனுமதி பெற்ற மருந்து அது.

மாமாவுக்கு நாலாவது பட்டை, இரண்டரை சென்டிமீட்டர், சிடி117 பாசிட்டிவ். வேறெங்கும் பரவவில்லை. அடுத்த மாதம் லேப்ராஸ்கோபி ஆபரேஷன். "அப்போ அந்த முதல் ரிப்போர்ட் பொய்யா?" என்கிறார். பொய் இல்லை மாமா, அது போர்வையோட ரிப்போர்ட்.