வாய்க்கால் ஊர்கள்... வார்டு ஆகுமா?

'எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்த்துவிட்டால் என் ஒன்றரை ஏக்கர் வாழைத் தோட்டம் என்ன ஆகும்? பட்டா, மானியம், வாய்க்கால் தண்ணீர் எல்லாம் மாறிவிடுமா?' ஸ்ரீரங்கம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர், கேள்வி பதில் பகுதிக்கு இப்படி எழுதியிருந்தார். இரண்டு வரியில் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. வேலையில் சேர்ந்த புதிதில் அந்தநல்லூர், மணிகண்டம் ஒன்றியங்களில் மொபெட்டில் சுற்றியவன் நான். அந்த ஊர்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன, யார் யார் அங்கே பிழைக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் அது பாதிப் பதில்தான்.

முக்கொம்பு வரைக்கும் காவிரி ஒரே ஆறு. அங்கே கொள்ளிடம் வடக்கே பிரிகிறது. காவிரி தெற்கே போகிறது. கிழக்கே கல்லணையில் இரண்டும் மறுபடி பக்கத்தில் வந்து, திரும்பவும் விலகிவிடுகின்றன. நடுவில் இருக்கும் தீவுதான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். வெளியூர்க்காரர்கள் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கோபுரத்துக்கு மேற்கே மேலூர், கிழக்கே திருவளர்ச்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று வாழையும் நெல்லுமாக ஊர்கள் நீண்டுகிடப்பதைப் பலர் பார்த்ததே இல்லை. உத்தமர்சீலி பக்கத்து விவசாயிக்கு ஒன்றியம் அந்தநல்லூர். அதாவது, ஒன்றிய அலுவலகத்துக்கு ஒரு மனு கொடுக்க அவர் நகரத்தைக் கடந்து ஆற்றின் தென்கரைக்குப் போக வேண்டும். நிர்வாக எல்லை போட்டவர்களுக்கு வரைபடம்தான் தெரிந்தது, பஸ் ரூட் தெரியவில்லை போலும்!

தென்கரையில் கரூர் சாலையும் ஈரோடு ரயில் பாதையும் காவிரியை ஒட்டியே போகின்றன. முத்தரசநல்லூர், ஜீயபுரம், இளமனூர், பெருகமணி, பேட்டைவாய்த்தலை என்று ஸ்டேஷன் பெயர்களைச் சொன்னாலே வாழைத் தார் ஏற்றிய லாரிகள் எனக்குக் கண்ணில் வரும். பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி உள்ளூர்ச் சந்தைக்கு, நேந்திரன் கேரளாவுக்கு, இலைக்கட்டு காந்தி மார்க்கெட்டுக்கு. ஒரு காலத்தில் கரும்பும் இதே அளவுக்குப் பேசப்பட்டது. சிறுகமணியில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் வந்ததே அதனால்தான். பேட்டைவாய்த்தலை சர்க்கரை ஆலை நின்ற பிறகு கரும்பு வைத்தவர்களில் பலர் வாழைக்கு வந்துவிட்டார்கள்.

ஒரு வாய்க்கால், இரண்டு உலகம்

இந்தக் கரைக்கு உயிர், பேட்டைவாய்த்தலையில் தலைப்பெடுக்கும் உய்யக்கொண்டான் வாய்க்கால். ராஜராஜ சோழன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சோழர் காலத்து வாய்க்கால் இது. சுமார் 70 கிலோமீட்டர் ஓடி, திருச்சி நகரத்துக்குள்ளேயே புகுந்து, வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. வாய்க்காலுக்கு வடக்கே களிமண், வண்டல், நெல், வாழை. தெற்கே கொஞ்ச தூரம் போனால் செம்மண்ணும் களர் நிலமும் ஆரம்பித்துவிடும். எட்டரை, கோப்பு பக்கம் மல்லிகை. விடியும் முன்னே பறித்து, ஸ்ரீரங்கம் சாத்தார வீதி பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு போய், விலை கேட்டுவிட்டு முகம் வாடித் திரும்பும் பெண்களை எத்தனையோ காலை பார்த்திருக்கிறேன்.

களர் நிலம் பற்றி ஒரு கதை. வேலைக்கு வந்த இரண்டாவது வருஷம், மணிகண்டம் பக்கம் ஒரு பெரியவருக்கு நல்ல மகசூல் தருகிற ஒரு சன்ன ரகத்தைச் சிபாரிசு செய்தேன். மண்ணைப் பரிசோதிக்கவில்லை. பயிர் மஞ்சளாகி, திட்டுத் திட்டாகச் செத்துப்போனது. "தம்பி, நீங்க படிச்ச புத்தகத்துல எங்க வயலு இல்ல போலிருக்கு" என்றார். அவர் கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு நாள் நினைவிருந்திருக்காது. நாவலூர் குட்டப்பட்டில் உள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி வெளியிட்ட திருச்சி 1, திருச்சி 3 போன்ற ரகங்கள் களர் நிலத்தைத் தாங்குவதற்கென்றே வந்தவை. ஜிப்சம் இட்டு, நல்ல தண்ணீர் கட்டி வடித்து, தக்கைப்பூண்டு மடக்கி உழுது, அதன் பிறகு இந்த ரகத்தை நட்டால் அதே வயல் சோறு போடும். பெரியவர் வயலும் போட்டது.

அதே நாவலூர் குட்டப்பட்டிலும் பக்கத்துச் சேதுராப்பட்டியிலும் 2013-ஐ ஒட்டித் தேசிய சட்டப் பல்கலைக்கழகம், ஐஐஐடி என்று பெரிய நிறுவனங்கள் வந்தன. 2011-ல் ஸ்ரீரங்கம் தொகுதியிலிருந்து ஜெயலலிதா முதல்வரானதும் இந்தப் பக்கத்துக்கு வந்த கவனம் அது. பிள்ளைகளுக்கு நல்லதுதான். ஆனால், ஆடு மேய்ந்த மேட்டு நிலத்தில் சென்ட் கணக்கு பேச ஆரம்பித்தார்கள். எல்லைக்கல் நட்ட மனைப் பிரிவுகள் வந்தன. மழைநீர் ஏரிக்கு வரும் வரத்து வாய்க்கால்கள் பல இடங்களில் மனைக்குள் போய்விட்டன. ஏரி நிரம்பாததற்கு வானத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

தண்ணீர் அதிகமானாலும் இங்கே பயம்தான். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்துப் பக்கம் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. ஆர்தர் காட்டன் 1836-38-ல் கட்டிய அணை. மறுநாள் பொழுது விடிந்ததும் கரையில் நின்ற விவசாயிகள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "காவிரிப் பக்கம் தண்ணி வருமா?" மணல் மூட்டையும் பாறாங்கல்லும் போட்டு அடைத்து, அந்தப் பருவத்தை எப்படியோ ஓட்டினார்கள். பின்னால் புதிய கதவணை கட்டப்பட்டது. மழைக்காலத்தில் குழுமணி, கோப்பு பக்கத்துக்காரர்களைக் கேட்டால், கொடிங்கால் வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்து வயல் மூழ்குவதுதான் பெரிய பிரச்சனை என்பார்கள். அணை உடைந்தால் நாடே பார்க்கும். வடிகால் அடைத்தால் அந்த ஊர்தான் பார்க்கும்.

யார் ஊரை நடத்துகிறார்கள்?

அமெரிக்காவில் கிராமப்புறத்தைக் 'கவுண்டி' என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். காவல் அதிகாரியான ஷெரீஃபைக்கூட அங்கே மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். என் மாதிரி வேலை பார்ப்பவருக்கு அங்கே 'கவுண்டி ஏஜென்ட்' என்று பெயர்; 1914-ல் வந்த சட்டத்தால் அந்த விரிவாக்கப் பணி நாடு முழுக்கப் போனது. நமக்கு அந்த அளவுக்கு ஊர் மக்கள் கையில் இருப்பது கிராம ஊராட்சி. திருச்சி மாவட்டத்தில் 14 ஒன்றியம், 404 ஊராட்சி. பதவிகளில் பாதி பெண்களுக்கு. வருஷத்தில் ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 3,001 முதல் 10,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் குறைந்தது 200 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். நான் போன சபைகளில் பெண்கள்தான் அதிகம் பேசினார்கள். தெருவிளக்கு, குடிநீர், நூறு நாள் வேலைச் சம்பளம். ஆண்கள் பின்னால் நின்று வாய்க்கால் பற்றி முணுமுணுப்பார்கள். மைக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள்.

2019 டிசம்பரில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர் கைக்கு நிர்வாகம் போனது. இதற்கு முன்னால் 2016 முதல் 2019 வரைக்கும் இதே கதை. மாநகராட்சி விரிவாக்க அறிவிப்பு வந்ததும் அதே 2025 ஜனவரியில்தான். அதவத்தூர் போன்ற ஊர்களில் மக்கள் வேண்டாம் என்று தெருவுக்கு வந்தார்கள். இது புதிதல்ல. 1994-ல் ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளைச் சேர்த்துத்தான் திருச்சி மாநகராட்சியே உருவானது. 2011-ல் திருவெறும்பூர் பேரூராட்சியும் பக்கத்து ஊராட்சிகள் சிலவும் உள்ளே போயின. அங்கே இப்போது எத்தனை வயல் மிச்சம் என்பதை நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி வாசகரின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் பட்டாவும் சிட்டாவும் வருவாய்த்துறையிடம் இருப்பவை. ஊராட்சி மாநகராட்சி ஆவதால் அவை மாறாது. வாய்க்கால் நீர்வளத்துறையிடம் இருக்கிறது, அதுவும் மாறாது. பி.எம்.கிசான் உதவித்தொகை நிலத்தைப் பார்த்துத் தருவது; நிலம் நகர எல்லைக்குள் இருந்தாலும் சாகுபடி நிலமாக இருந்தால் தகுதி உண்டு. மாறுவது எது? நூறு நாள் வேலை ஊரகப் பகுதிக்கு மட்டும்தான்; மாநகராட்சிக்குள் போனால் அது நிற்கும். உங்களுக்கு வயல் இருக்கிறது. உங்கள் தோட்டத்தில் களை எடுக்க வருகிற அம்மாவுக்கு அதுதான் கோடைக்காலச் சாப்பாடு. வீட்டு வரி மாநகராட்சிக் கணக்குக்குப் போகும். கிராம சபை இருக்காது.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். காவிரிக் கரை நிலத்தில் நிறைய கோயில், மடங்களுக்குச் சொந்தம், உழுகிறவர் குத்தகைதாரர். மனை விலை ஏறும்போது முதலில் ஆடிப்போவது அவர்தான். 1969-ஆம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி தாலுகா ஆவணத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். குத்தகை கட்டிய ரசீது ஒன்றைக்கூடத் தொலைக்காதீர்கள். அப்பா பெயரில் இருக்கும் பதிவை மாற்றாமலே இருபது வருஷம் உழுதவர்களை எனக்குத் தெரியும்.

நகரம் வளர்ந்தால் உய்யக்கொண்டானில் கலக்கும் சாக்கடையும் வளரும். அதைத் தாங்கப்போகிறவர்கள் நீங்கள் அல்ல, உங்களுக்குக் கிழக்கே கடைமடையில் இருப்பவர்கள். சேர்ப்பதோ வேண்டாம் என்பதோ எதுவானாலும், சாக்கடைக்கு என்ன வழி என்பதை கிராம சபைத் தீர்மானமாக எழுதி, கலெக்டர் அலுவலகத்து மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். மனுவுக்கு நம்பர் உண்டு.

கடைசியாக, கடிதத்தின் மூலையில் ரஸ்தாளியில் இலை பழுத்து மடிவதாக எழுதியிருக்கிறீர்கள். தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே செம்பழுப்புக் கோடு ஓடினால் வாடல் நோய். அந்த மரத்தைக் கட்டையோடு தோண்டி அப்புறப்படுத்துங்கள். அந்தத் தோட்டத்துப் பக்கக்கன்றை யாருக்கும் கொடுக்க வேண்டாம். அடுத்த நடவுக்கு அங்கே ரஸ்தாளி வேண்டாம். ஒரு போகம் நெல் போட்டுவிட்டுப் பூவன் வையுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு தண்டை எடுத்துக்கொண்டு, தாயனூரில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துக்கு நேரில் போய்க் காட்டுங்கள்.