டில்லிக் குளிரில் தூங்கும் அருகம்புல்

மார்கழி பிறந்து நாலு நாள் பனி கொட்டியதும் டில்லியில் தரைத்தளக் குவார்ட்டர்ஸ்வாசிகளை ஒரு கவலை பிடித்துக்கொள்கிறது. ஐப்பசி வரை பச்சைப் பட்டு விரித்தாற்போல் இருந்த வாசல் புல்தரை வைக்கோல் நிறத்துக்கு மாறி, மிதித்தால் சரசரக்கிறது. "புல் செத்துப் போச்சு ஸார்" என்று பக்கத்து வீட்டுக்காரர் துக்கம் விசாரிக்கிறார். தெருவோடு போகும் மாலி ஒருவர் எட்டிப் பார்த்து, எல்லாவற்றையும் கொத்திப் போட்டுவிட்டுப் புதுப் புல் பதித்துத் தருவதாகச் சொல்கிறார். ஜனவரிச் சம்பளத்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. கொத்தி எடுத்த புல் குப்பை வண்டியில் ஏறுகிறது. காசு கொடுத்துப் பதித்த புதுப் புல்லோ, கொஞ்ச நாளில் அதே வைக்கோல் நிறத்துக்கு வந்து நிற்கிறது.

உண்மையில் முதலில் இருந்த புல் சாகவே இல்லை. தூங்கிக்கொண்டிருந்தது.

டில்லி வீடுகளின் முன்னால் பெரும்பாலும் காணப்படுவது 'தூப்' என்று இந்திக்காரர்கள் சொல்லும் புல். வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்குச் சாற்றும் அருகம்புல்தான். அது வெயிலில் வாழும் ஜாதி. வெப்பம் 30 டிகிரியை ஒட்டி இருந்தால் தழைத்துப் படரும். இரவுகள் தொடர்ந்து 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால், மேலே உள்ள இலையைக் காயவிட்டு, உயிரை மண்ணுக்கடியில் ஓடும் தண்டில் பத்திரப்படுத்திக்கொண்டு ஒடுங்கிவிடும். சென்னையில் ஜனவரி இரவுகூட 20 டிகிரியை ஒட்டியே நிற்பதால் அங்கே அருகு தூங்கிப் பார்த்தவர்கள் இல்லை. டில்லியின் ஜனவரி இரவுக்குச் சராசரி 7, 8 டிகிரிதான். சில நாள் 3, 4 வரை போகும். தஞ்சாவூரிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ மாற்றலாகி வந்தவர் முதல் குளிர்காலத்தில் ஏமாந்துபோவதில் வியப்பில்லை. ஊட்டிக்காரர் அவ்வளவு எளிதில் ஏமாறமாட்டார். உறைபனியில் கருகிய புல் வெயில் வந்ததும் துளிர்ப்பதை அவர் ஊரிலேயே பார்த்திருப்பார்.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்ப்பது சுலபம். மண்ணோடு ஒட்டி ஓடும் தண்டு ஒன்றைப் பிடுங்கி, நகத்தால் லேசாகச் சுரண்ட வேண்டும். உள்ளே வெளிர் பச்சையாகவோ வெள்ளையாகவோ ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. உள்ளும் புறமும் பழுப்பேறி, மடித்தால் குச்சிபோல் ஒடிந்தால்தான் போய்விட்டது என்று பொருள். அப்படிப் போன இடம் முற்றத்தில் ஒரு மூலையாக இருக்கும். முற்றம் முழுவதுமாக இருப்பது அபூர்வம்.

குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தில் இருப்பதும் இதே அருகம்புல்தான். 2023-ல் 'அம்ரித் உத்யான்' என்று பெயர் மாற்றப்பட்ட அந்த முகலாயத் தோட்டத்துக்கு, முதன்முதலில் கல்கத்தாவின் பெல்வெடேர் மாளிகையிலிருந்து புல் கொண்டுவரப்பட்டது. அங்கேயும் புல்தரையை ஆண்டுதோறும் எடுத்துவிட்டுப் புது மண் பரப்புகிறார்கள். ஆனால் ஜனவரியில் அல்ல, பருவமழைக்கு முன்னால். மூன்றே வாரத்தில் புல் மூடிக்கொண்டுவிடுகிறது. அருகம்புல்லைக் கொத்திப் புதுப்பிக்கும் காலம் அதுதான்.

குளிருக்கு ஒரு விருந்தாளி

அப்படியானால் மூன்று மாதம் வைக்கோலைப் பார்த்துக்கொண்டிருப்பதா என்று கேட்டால், இருக்கலாம், தவறில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் காட்டிவிட்டுச் சும்மா இருந்தால் மார்ச்சில் புல் தானே எழுந்துகொள்ளும். செலவில்லாத வழி இது. பிடியில் காசும் காலையில் குழாய்த் தண்ணீரும் குறைவாக உள்ளவர்களுக்கு இதுவே உத்தமம்.

குளிர்காலத்திலும் பச்சை வேண்டும் என்பவர்கள், தூங்கும் அருகின் மேலேயே 'ரைகிராஸ்' என்னும் குளிர்காலப் புல்லை விதைக்கலாம். அருகுக்கு நேர் எதிரான குணம் உடையது இது. 15 முதல் 24 டிகிரி வரையுள்ள வெப்பத்தில் செழித்து வளரும். ஏப்ரல், மே வெயிலில் தானே காய்ந்துபோகும். சிம்லா, ஸ்ரீநகர் போன்ற ஊர்களில் இந்த ஜாதிப் புற்கள் நிரந்தரக் குடித்தனம் செய்கின்றன. டில்லியில் ஐந்தாறு மாத விருந்தாளிதான்.

குளிர்காலப் புல் என்பதால் எந்தக் குளிரையும் தாங்கி வளரும் என்று எண்ணிவிடக் கூடாது. 2023 மார்ச்சில் தரம்சாலாவில் நடக்கவிருந்த இந்தியா–ஆஸ்திரேலியா டெஸ்ட் இந்தூருக்கு மாற்றப்பட்டது நினைவிருக்கலாம். கடுங்குளிரால் மைதானத்தில் புல் போதிய அடர்த்தி பெறவில்லை என்பதே கிரிக்கெட் வாரியம் சொன்ன காரணம். டிசம்பர் கடைசியில் விதை வாங்கிவந்து தூவிவிட்டு, 'முளைக்கவே இல்லையே' என்று நர்சரிக்காரரைக் கோபித்துக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குளிர் இறுகுமுன் புல் காலூன்றிவிட வேண்டும். டில்லியில் அதற்கு உகந்த நாட்கள் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை. கொலுப் பொம்மைகளைப் பெட்டியில் வைத்த கையோடு வேலையைத் தொடங்கினால் கணக்கு சரியாக இருக்கும்.

விதைக்குமுன் தரையைத் தயார் செய்வதில்தான் பாதிக் காரியம் அடங்கியிருக்கிறது. செப்டம்பர் கடைசியில் மழை விலகியதும் முதலில் கோரையைக் களைய வேண்டும். இங்கே 'மோதா' என்பார்கள். மேலே கிள்ளினால் பயனில்லை. குர்ப்பியைச் சாய்த்துச் செலுத்திக் கிழங்கோடு எடுக்க வேண்டும். அதே சமயம் அருகுக்கு யூரியா போடுவதையும் நிறுத்திவிட வேண்டும். தூங்கப் போகிறவனுக்கு விருந்து வைக்கலாகாது. பையன்கள் கிரிக்கெட் ஆடி இறுகிப்போன தரையானால், முள்கரண்டிபோல் இருக்கும் தோட்டக் கவையை முக்கால் சாண் இடைவெளியில் குத்தித் துளைகள் போடுவது நல்லது. காற்றும் நீரும் உள்ளே இறங்கும்.

விதைக்கும் அன்று அருகை இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டி, வாரியால் வாரி, அடியில் மெத்தைபோல் சேர்ந்திருக்கும் சருகை அப்புறப்படுத்த வேண்டும். மண் ஆங்காங்கே கண்ணுக்குத் தெரிய வேண்டும். விதை மண்ணைத் தொட்டால்தான் முளைக்கும். சருகின் மேல் தங்கினால் புறாவுக்குத்தான் உணவு.

வாரிய சருகைக் கொளுத்துவது மட்டும் கூடாது. டில்லியில் இலை, குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது. ஒரு மூலையில் குழி வெட்டிப் போட்டால் அடுத்த ஆண்டுக்கு எரு ஆகும்.

எவ்வளவு விதை? எவ்வளவு தண்ணீர்?

சதுர மீட்டருக்கு 35 கிராம் விதை போதும். முற்றம் பதினைந்துக்கு இருபது அடி என்றால் ஏறக்குறைய 28 சதுர மீட்டர். ஒரு கிலோ விதை சரியாக இருக்கும். விதையில் இரண்டு வகை உண்டு. ஓராண்டு வகை பஞ்சாபில் மாட்டுத் தீவனமாகப் பயிரிடப்படுவது. விலை மலிவு, இலை அகலம், வெளிர் பச்சை, வேகமாக வளர்ந்து அடிக்கடி வெட்டச் சொல்லும். பல்லாண்டு வகை என்று பெயர் பெற்றது இலை மெலிந்து, கரும்பச்சையாக, பார்க்க அழகாக இருக்கும்; விலையும் கூடுதல். பெயரில் பல்லாண்டு இருந்தாலும் டில்லி மே மாதத்தை அது பொதுவாகத் தாண்டுவதில்லை. ஆகவே பெயரை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். அழகுக்காகக் கொடுப்பதானால் கொடுக்கலாம்.

விதையோடு மணல் கலந்து, பாதியைக் கிழக்கு மேற்காகவும் மீதியைத் தெற்கு வடக்காகவும் தூவினால் திட்டுத் திட்டாக முளைக்காது. மேலே சலித்த மக்கிய சாண எருவும் மணலும் கால் அங்குலத்துக்கு மிகாமல் தூவ வேண்டும். எரு நன்றாக மக்கியிருப்பது முக்கியம். பச்சைச் சாணம் கறையானுக்குப் போடும் அழைப்புக் கடிதம். மேல்நாட்டுத் தோட்டப் புத்தகங்களைப் படித்துவிட்டுச் சிலர் சுண்ணாம்பும் தூவுகிறார்கள். அது அமில மண்ணுக்கான வைத்தியம். யமுனைக் கரை மண் ஏற்கெனவே காரம் மிகுந்தது. அதில் சுண்ணாம்பு போடுவது வீண், கெடுதலும்கூட.

முதல் பத்து நாள் பூவாளியால் காலையும் மதியமும் லேசாகத் தெளிக்க வேண்டும். தேங்கக் கூடாது, மேல்மண் காயவும் கூடாது. ஒரு வாரத்திலிருந்து பத்து நாளில் பச்சை ஊசிகள்போல் முளை தெரியும். அதற்குப் பிறகு தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்து, டிசம்பரில் வாரம் ஒருமுறை ஆழமாக விட்டால் போதும். அதுவும் காலையில், வெயில் வந்த பிறகு. ஆபீஸ் விட்டு வந்து மாலையில் ஹோஸ் பிடிக்கும் பழக்கத்தை நவம்பரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ராத்திரி முழுவதும் ஈரத்தோடும் மூடுபனியோடும் நிற்கும் இளம்புல் அடியிலிருந்து அழுகி, கைப்பிடி கைப்பிடியாகச் சாய்ந்துவிடும். அப்படிக் கண்டால் உடனே தண்ணீரை நிறுத்தித் தரையைக் காயவிடுவதே முதல் மருந்து. பூஞ்சை மருந்து அதற்கு அப்புறம்தான்.

புல் ஏழெட்டு சென்டிமீட்டர் வளர்ந்ததும் முதல் வெட்டு. ஐந்துக்கு இறக்கினால் போதும். எந்த வெட்டிலும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது. மாலி கொண்டுவரும் கைமெஷினின் கத்தி கூர்மையா என்று பார்ப்பது அவசியம். மழுங்கிய கத்தி இளம்புல்லை வெட்டாது, வேரோடு இழுத்துவிடும். கூச்சப்படாமல் முதலில் ஒரு காகிதத்தை வெட்டிக் காட்டச் சொல்லலாம்.

முளைத்து நாலு வாரம் கழித்துச் சதுர மீட்டருக்குப் பத்து கிராம் யூரியா, முற்றம் முழுவதற்கும் கால் கிலோவும் கொஞ்சமும். ஈரமில்லாத இலைமேல் தூவி, உடனே தண்ணீர் விட வேண்டும். இல்லாவிட்டால் இலை கருகும். ஜனவரியில் இன்னொரு தடவை. அதோடு சரி. உறைபனி படிந்த காலையில் புல்லை மிதித்தால் கால் பட்ட இடமெல்லாம் கறுக்கும். பால் வாங்கவும் பேப்பர் எடுக்கவும் ஓரமாகப் போவது நல்லது.

இடையே தலைகாட்டும் களைகளில் பதுவா என்னும் சக்கரவர்த்திக் கீரையை மட்டும் பிடுங்க ஆள் தேட வேண்டியதில்லை. பராட்டாவுக்கும் ராய்தாவுக்கும் வேண்டும் என்று பஞ்சாபி அண்டைவீட்டம்மாளே வந்து பறித்துக்கொள்வார். மருந்தடித்த முற்றமானால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

விருந்தாளியை அனுப்பும் சமயம்

பலரும் கோட்டைவிடுவது கடைசியில்தான். பிப்ரவரி, மார்ச்சில் ரைகிராஸ் தன் முழு அழகில் இருக்கும். அதை விட மனம் வராமல் மேலும் யூரியாவும் தண்ணீரும் கொடுத்து ஏப்ரல் வரை வளர்க்கிறார்கள். அடியில் கண் விழிக்கும் அருகுக்கு வெளிச்சமும் இல்லை, உணவும் இல்லை. மே முதல் வாரம் 40 டிகிரி வெயிலில் விருந்தாளி ஒரே மூச்சில் காய்ந்துபோக, வீட்டுக்காரனும் மெலிந்து கிடக்க, முற்றம் வெறும் மண்ணாக நிற்கிறது. ரைகிராஸைக் குறை சொல்லி என்ன பயன்?

ஆகவே பிப்ரவரி நடுவிலிருந்து உரம் கூடாது. ஹோலியை ஒட்டி, வெட்டும் உயரத்தை வாரத்துக்கு வாரம் குறைத்து, மார்ச் முடிவுக்குள் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். அடியில் வெயில் படும். தண்ணீர்விடும் இடைவெளியையும் சற்று நீட்டினால் ரைகிராஸ் தளரும், அருகு தாங்கிக்கொள்ளும். ஏப்ரலில் மூன்று நாலு வாரம் முற்றம் பாதி பச்சை, பாதி பழுப்பு என்று பார்க்கச் சகிக்காதுதான். பொறுத்துக்கொள்ள வேண்டும். அருகு பரவத் தொடங்கியதும் யூரியா கொடுக்கலாம்.

அருகு பதித்து ஓராண்டு ஆகாத முற்றத்தில் ரைகிராஸ் விதைக்கவே வேண்டாம். வேப்பமரத்தடியில் அருகு ஏற்கெனவே நோஞ்சானாக இருந்தால், அங்கே ரைகிராஸ் ஓரளவு நிழலிலும் வரும் என்பதால் குளிருக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம். கோடையில் அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கும்.

மழை டில்லிக்கு வருவது ஜூன் கடைசி வாரத்தில். சொட்டையாகிப்போன இடங்களில் அப்போது அருகின் தண்டுகளைத் துண்டு துண்டாக நறுக்கி, நாலு விரற்கடை இடைவெளியில் ஊன்றினால் பிள்ளையார் சதுர்த்திக்குள் மூடிவிடும். சரோஜினி நகர், நேதாஜி நகர் உள்ளிட்ட ஏழு காலனிகளை இடித்து அடுக்குமாடியாகக் கட்டும் திட்டத்துக்கு 2016-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்ததிலிருந்து, வாசலில் மண் உள்ள பழைய குவார்ட்டர்ஸ்கள் குறைந்துகொண்டே வருகின்றன. சதுர்த்தியன்று மாடிவீட்டுக்காரர்கள் ஒரு பிடி அருகு கேட்டு வருவது இப்போது தரைத்தள வீடுகளுக்குத்தான். மருந்தும் யூரியாவும் அந்த மாதம் போடாமல் ஒரு ஓரத்தை விட்டுவைப்பது அவர்களுக்கும் உபகாரம்.

மிஞ்சிய ரைகிராஸ் விதையை மழை ஈரம் படாமல் தகர டப்பாவில் அடைத்து வைத்தால் அடுத்த அக்டோபருக்கு உதவக்கூடும். விதைக்குமுன் ஐம்பது விதைகளை எண்ணி, நனைத்த துணியில் சுற்றிப் பத்து நாள் வைத்துப் பார்க்க வேண்டும். நாற்பதுக்கு மேல் முளைத்தால் அப்படியே தூவலாம். இருபத்தைந்து முப்பது என்றால் அளவை ஒன்றரை மடங்காக்க வேண்டும். அதற்கும் குறைந்தால் புதிதாக வாங்குவதே லாபம்.