கோடைக்கால வயல் வேலையும் வெயில் அபாயமும்

சித்திரை, வைகாசி மாதங்களில் குடியானவர்களுக்கு வேலைகள் பல உண்டு. கோடை உழவு, ஏரி வண்டல் அள்ளுதல், வரப்பு செப்பனிடுதல், கரும்புக்குத் தோகை உரித்தல் முதலிய இவற்றுள் எதையும் நடுப்பகலில்தான் செய்யவேண்டும் என்ற நியமம் இல்லை. ஆயினும், ஆட்கள் காலை 9 மணிக்குமேல் வயலில் இறங்கி, வெயில் உச்சியை அடையும் வேளையில் கடும் வேலையில் ஈடுபட்டிருப்பதைப் பல ஊர்களில் காணலாம். அவர்களில் ஒருவன் சுருண்டு விழுந்தால், பித்த மயக்கம் என்று சொல்லி வரப்போரத்தில் கிடத்திவிடுவதும் உண்டு. பிழைக்கக்கூடிய உயிர் இதனால் வீணே போகிறது.

மனித தேகத்தின் இயற்கை உஷ்ணம் ஏறக்குறைய 98.6 டிகிரி பாரன்ஹீட் ஆகும். மண்வெட்டி பிடித்து உழைப்பவனுடைய தசைகளே மிகுந்த உஷ்ணத்தை உண்டாக்குகின்றன; அதன்மேல் வெயிலும் சேர்கிறது. இதைத் தணிப்பதற்கு இயற்கை அளித்த சாதனம் வியர்வை. அது ஆவியாக மாறும்போதுதான் தேகம் குளிர்கிறது. சொட்டிக் கீழே விழும் வியர்வையால் பயனில்லை. ஆகையால், காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரைப் பகுதிகளில், உஷ்ணமானி வேலூரைவிடக் குறைந்த அளவைக் காட்டுவதைக்கொண்டு அபாயமில்லை என்று நினைப்பது தவறு. காற்றோட்டமில்லாத கரும்புத் தோட்டத்தின் உட்புறமும் அத்தகையதே.

வெயிலில் உழைக்கத் தேகம் பழகுவதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரங்கள் வரை செல்லும். புதிதாய் வந்தவர்களும், நோயுற்றிருந்து மீண்டும் வேலைக்குத் திரும்பியவர்களுமே முதற்சில நாட்களில் அதிகமாய் விழுகின்றனர். இவர்களுக்கு முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கொடுத்து, நாள்தோறும் அவ்வளவே கூட்டி வருவது நலம். வேலையைக் காலை 6 மணிக்குத் தொடங்கி 10½ மணிக்குள் நிறுத்தி, மாலை 4 மணிக்குமேல் மீதியைச் செய்விக்கலாம். இந்த மாறுதலை நிலச்சொந்தக்காரரே செய்யவேண்டும். தினக்கூலியை நம்பியிருப்பவன் கூலி போய்விடுமென்று அஞ்சித் தானாக நிழலுக்கு ஒதுங்கமாட்டான். வாயில் நுரை தள்ளிய மாட்டை நுகத்தினின்று அவிழ்த்துவிட எந்தக் குடியானவரும் தயங்கியதில்லை என்பது இங்கே நினைக்கத்தக்கது.

கெண்டைக்கால் தசை இழுத்தல், தலைநோய், குமட்டல், மிகுந்த சோர்வு ஆகியவை முதல் அறிகுறிகள். அப்போதே நிழலில் உட்காரவைத்து, உப்பிட்ட மோரோ நீராகாரமோ கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுவர். ஆனால், பேச்சுத் தடுமாறினாலும், சம்பந்தமின்றிப் பேசினாலும், நினைவு தப்பினாலும் அது வெயில் தாக்கு. தேகத்தின் உட்புற உஷ்ணம் அப்போது 104 டிகிரியைத் தாண்டியிருக்கக் கூடும். தோல் உலர்ந்திருந்தால்தான் வெயில் தாக்கு என்ற பழைய எண்ணத்தை விட்டுவிடவேண்டும். உழைத்து விழுந்தவனுடைய தோல் வியர்வையால் நனைந்தே இருக்கலாம்.

இந்நிலையில் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியமானது. 108 எண்ணுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, வண்டி வருமளவும் காத்திராமல் தேகத்தைக் குளிரச் செய்யவேண்டும். பம்பு செட்டுத் தொட்டியில் கழுத்தளவு நீரில் அமிழ்த்தி, தலையை ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பது மிகச் சிறந்தது. தொட்டி இல்லாவிடில், குடங்குடமாய்க் கிணற்று நீரைத் தேகமெங்கும் ஊற்றி, இடைவிடாமல் விசிறவேண்டும். நினைவு தெளியாதவனுக்கு வாயில் எதையும் புகட்டலாகாது. புரையேறி மூச்சு அடைபடும். இது காய்ச்சல் அன்றாதலால், காய்ச்சல் மாத்திரையாலும் பயனில்லை.

வெயிலின் தீமை ஒருநாளோடு முடிவதுமில்லை. மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டும் இளைஞர் பலருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டது. போதிய நீரும் ஓய்வுமின்றிக் கடும் வெயிலில் உழைத்தது அதற்கு ஒரு முக்கிய காரணமென்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசாங்கத்தார் 2024-ம் வருஷத்தில் மாநிலப் பேரிடராக அறிவித்தனர். வெயிலால் ஒருவர் இறக்க நேர்ந்தால், இடம், நேரம், செய்துகொண்டிருந்த வேலை ஆகியவற்றைக் கிராம நிர்வாக அலுவலர் தாமதமின்றிக் குறித்துத் தாசில்தாருக்கு அறிவிக்கவேண்டும். "மயங்கி விழுந்து இறந்தார்" என்று மட்டும் எழுதிவைத்தால், அக்குடும்பத்தார் நிவாரணம் கோருவது கடினமாகும்.

குடிநீர்ப் பானையைக் கிணற்றடியிலேயே வைத்துவிடாமல், ஆட்கள் வேலை செய்யும் இடத்துக்குக் கொண்டுசென்று, 20 நிமிஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரும் ஒரு டம்ளர் குடிக்கும்படி சொல்லவேண்டும். பெண்கள் பலர், ஒதுங்குவதற்கு மறைவான இடமில்லாமையால், தாகமிருந்தும் நீர் குடியாமல் அடக்கிக்கொள்கின்றனர். வயலின் ஒரு மூலையில் நான்கு தென்னங்கீற்றுகளால் தட்டி கட்டிக் கொடுப்பதற்கு அரை நாள் கூலிகூட ஆகாது.