நின்னுபோன படகு: ஜீஸ் பெண்ட் கதை

இன்னைக்கு நாம அமெரிக்காவோட தெற்குப் பக்கம், அலபாமா மாநிலத்துல இருக்கிற வில்காக்ஸ் கவுண்டிக்குப் போகப் போறோம். கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி, ஆனா சின்னது. அங்க அலபாமா ஆறு குதிரை லாடம் மாதிரி வளைஞ்சு ஓடுது. அந்த வளைவுக்குள்ள, மூணு பக்கமும் தண்ணி சூழ்ந்த ஊர்தான் ஜீஸ் பெண்ட்.

இந்த ஊரைப் பத்தி நான் படிக்க ஆரம்பிச்சது அங்க தைக்கிற போர்வைகளுக்காக. ஆனா படிக்கப் படிக்க, மனசுல நின்னது ஒரு படகுதான்.

முதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம். 1845-ல மார்க் பெட்வேங்கிறவர் இங்க இருந்த பருத்தித் தோட்டத்தை வாங்கினார். வட கரோலினாவுல இருந்து சுமார் நூறு அடிமைகளை நடக்க வெச்சே கூட்டிட்டு வந்தாங்க. இன்னைக்கும் ஊர்ல பல பேருக்கு பெட்வேன்னுதான் குடும்பப் பெயர். அடிமைமுறை ஒழிஞ்ச பிறகும் நிலம் அவங்களுக்கு வரலை. குத்தகைக்கு உழுதாங்க, கடன்ல வாழ்ந்தாங்க.

1932-ல கடன் கொடுத்திருந்த வியாபாரி இறந்துட்டார். அவர் குடும்பத்துக்காக வசூல் பண்ண வந்தவங்க மாடு, கோழி, ஏர், சேமிச்சு வெச்ச தானியம்னு எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க. அந்தக் குளிர்காலத்தை ஊர் பட்டினியோடதான் கடந்துச்சு. அதுக்கப்புறம் மத்திய அரசு அந்த நிலத்தை வாங்கி, வீடு கட்டி, குறைஞ்ச வட்டியில குடும்பங்களுக்கே வித்தது. இதுதான் முக்கியமான திருப்பம். சொந்த நிலம் இருந்தா யாரும் வெளியேத்த முடியாது இல்லையா?

அது ஏன் முக்கியம்னா, கவுண்டியில பெரும்பான்மை கறுப்பின மக்கள்தான். ஆனா 1965 தொடக்கத்துல அவங்கள்ல ஒருத்தர்கூட வாக்காளர் பட்டியல்ல இல்லை. பதிவு பண்ணணும்னா ஆத்துக்கு அக்கரையில இருக்கிற தலைநகர் கேம்டனுக்குப் போகணும். படகுல போனா கால் மணி நேரம்தான். ஜீஸ் பெண்ட் மக்கள் ஓட்டுரிமை கேட்டுக் கிளம்பின காலத்துலதான், 1962-ல, அந்தப் படகு நின்னுபோச்சு. சாலை வழியா சுத்திப் போனா சுமார் 40 மைல். அப்போ ஊர்ல கார் வெச்சிருந்தவங்க ரொம்பக் குறைவு. ஒரு படகை நிறுத்தினா போதும். ஓட்டு, டாக்டர், கடை எல்லாமே தூரமாயிடும். 1965-ல மார்ட்டின் லூதர் கிங் இங்க வந்து பேசினார். அதே வருஷம் வாக்குரிமைச் சட்டம் வந்துச்சு. படகு மட்டும் வரலை.

இப்போ போர்வைக்கு வருவோம். வீட்டுல குளிர் நுழையும். கைல இருக்கிறது கிழிஞ்ச வேலைத் துணி. அதை வெட்டி, ஒட்டுப் போட்டுத் தைச்சாங்க. 1942-ல மிசூரி பெட்வேங்கிற அம்மா, இறந்துபோன கணவரோட வேலைத் துணிகளை வெச்சே ஒரு போர்வை தைச்சாங்க. அவரை நினைச்சுக்கிட்டு அதைப் போர்த்திக்கிறதுக்காக. வெளுத்துப்போன நீலத் துணியில அவர் உழைச்ச வருஷங்கள் அப்படியே தெரியும். 1966-ல இந்தப் பகுதிப் பெண்கள் கூட்டுறவு அமைச்சு, போர்வைகளை வெளியூருக்கு விக்க ஆரம்பிச்சாங்க. 2002-ல ஹூஸ்டன்லயும் நியூயார்க்லயும் பெரிய அருங்காட்சியகச் சுவர்கள்ல இந்த ஊர்ப் போர்வைகள் தொங்குச்சு. 2006-ல தபால்தலையாவும் வந்துச்சு.

அதே 2006-லதான் படகும் திரும்ப ஓடுச்சு. நின்னு 44 வருஷம் கழிச்சு! போர்வை உலகம் சுத்தி வந்துடுச்சு. அதைத் தைச்சவங்களோ பக்கத்துக் கரைக்குப் போக அவ்வளவு காலம் காத்திருந்தாங்க.

உங்க ஊர்லயும் இப்படி ஒரு படகோ, பாலமோ, பஸ்ஸோ திடீர்னு நின்னுபோயிருந்தா, யாருக்காக நின்னுச்சுன்னு பெரியவங்ககிட்ட ஒருதடவை கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.